இடது தோள் ரிப்பன்

ரிப்பனுக்குத் துணியைவிட உள்ளே வைக்கிற வலைதான் முக்கியம். பலருக்கு இது தெரியாது. நல்ல சாட்டின் வாங்கி, மடித்து, நடுவில் ஒரு கட்டுக் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். மேடை விளக்குக்குக் கீழே அரை மணி நேரம் நின்றால் அது தொங்கிப்போய்விடும். நான் முதலில் பக்ரம் என்கிற கஞ்சி போட்ட துணியை வெட்டுவேன். அதன்மேல் விறைப்பான வலையை இரண்டு அடுக்கு வைத்து, விளிம்பில் மெல்லிய கம்பி ஓட்டி, அதற்குப் பிறகுதான் சாட்டினைப் போர்த்துவேன். என் ரிப்பனை நீங்கள் கையில் வைத்துக் கசக்கினாலும் விட்டவுடன் பழையபடி எழுந்து நிற்கும்.

தலையில் கட்டும் ரிப்பனைச் சொல்லவில்லை. அழகிப் போட்டி கவுன்களில் இடுப்பிலோ முதுகிலோ தோளிலோ பெரிதாக வைக்கிறார்களே, அதை.

போலீஸ் சார்ஜன் தர்மா எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். மலாயில் சொன்னால் எனக்குப் பாதி விஷயம் விட்டுப்போகிறது என்றேன். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் அக்கா, நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றார். மரியாதையான மனிதர். காப்பியும் வாங்கி வைத்திருக்கிறார். ஆரம்பம் என்றதும் எனக்கு ரிப்பன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என் பெயர் பமேலா சவரிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. ஈப்போவில், புந்தோங்கில் முப்பத்தொரு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது எங்கள் குடும்பம் வெளியே வந்தது. முப்பத்தொரு வருடத்தில் பெரும்பகுதி பள்ளிச் சீருடைக்கு மடிப்பு அடிப்பதிலும், கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவதிலும் போனது. கவுன் தைக்கத் தெரியும். ஆனால் யாரும் கேட்டதில்லை.

புஷ்பலதா என் கடைக்கு முதலில் வந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். மகளின் சீருடைப் பாவாடையை இறக்க வேண்டும் என்று கொண்டுவந்தாள். பேச்சுக் கொடுத்ததில் அவளும் எங்கள் தோட்டத்துக்காரி என்று தெரிந்தது. கணவன் ஜொகூருக்கு லாரி ஓட்டப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். இவள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"அக்கா, ஸ்கூல் முடிஞ்சி ஒரு மணி நேரம் இவ இங்க ஒக்காந்திருக்கட்டுமா? பஸ் வர்ற வரைக்கும்தான்லா" என்று கேட்டாள்.

மகளுக்கு அப்போது வயது பத்து. பெயர் தினேஸ்வரி. ஒரு மணி நேரம் இரண்டானது. பிறகு அம்மா வந்து அழைத்துக்கொண்டு போகும்வரை என்று ஆனது. துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். மதியச் சாப்பாடு என்னோடுதான். கத்தரிக்காய் பிடிக்காது. மீன் என்றால் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும், பதினான்கு வயதிலும். ஒரு நாளில் அவள் விழித்திருக்கும் நேரத்தில் என்னோடு ஐந்தரை மணி நேரம் இருந்தாள். அம்மாவோடு ஒன்றரை மணி நேரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நேரத்தைத்தான் சொல்கிறேன்.

பள்ளியில் அவசரத்துக்கு அழைக்க எண் கேட்டபோது புஷ்பா என் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். "நா எடுக்க முடியாதுக்கா, நீங்க எடுங்க" என்றாள். அவளாகக் கேட்டதுதான்.

தினேஸ்வரி உயரமாக வளர்ந்தாள். அழகிப் போட்டிகள் நடத்தும் ராட்னி ஒருநாள் கோட்டுக்குப் பட்டன் மாற்ற வந்தவன், அவள் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "இந்தப் பிள்ளைக்கு ஹைட் இருக்கு ஆன்ட்டி. டீன் போட்டிக்கு ஏத்தலாம்லா" என்றான். புஷ்பாவுக்கு இஷ்டமில்லை. படிப்பு கெட்டுவிடும் என்றாள். நான்தான் பேசிச் சம்மதிக்கவைத்தேன். கவுன் என் பொறுப்பு, கூட்டிப்போவதும் கொண்டுவருவதும் என் பொறுப்பு என்றேன். பிள்ளை ஆசைப்பட்டாள், அது உண்மை. கண்ணாடிக்கு முன்னால் நடந்து நடந்து பார்ப்பாள்.

போன வருடம் ஜனவரியில் பேராக் மாநிலப் போட்டிக்காக அளவு எடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினைந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. இடது மேற்கை, தோளுக்குக் கொஞ்சம் கீழே, வலது கையைவிட அரை அங்குலம் பருமனாக இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக ஒன்றுபோல இருக்கும் உடம்பை நான் பார்த்ததில்லை. ஆனால் வழக்கமாக எழுதும் கைதான் பருமனாக இருக்கும். தினேஸ்வரி வலது கைக்காரி. டேப்பை எடுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம்தான். கவுனின் கைக்குழியைத் தளர்த்திக்கொண்டேன்.

மார்ச் மாதம் அந்த வித்தியாசம் ஒன்றேகால் அங்குலமாக இருந்தது. விரலால் அழுத்தினேன். சதை அமுங்கவில்லை. அவள் தோளை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"கொஞ்சம்தான் ஆன்ட்டி. படுத்தாதான் கூட வலிக்கும்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. சொன்னா போட்டியே வேணாம்னு சொல்லிருவாங்கலா."

அன்று மாலை ஏழு மணிக்கு மேல் புஷ்பா வந்தாள். நிற்க முடியாமல் கதவில் சாய்ந்துகொண்டு, "சாப்ட்டாளாக்கா?" என்று கேட்டாள். "சாப்ட்டா" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

கவுன் இரண்டு தோளும் தெரிகிற மாதிரி வரைந்திருந்தேன். அதை மாற்றினேன். இடது தோளில் ஒரு பெரிய ரிப்பன் வைத்தேன். கரும்பச்சை. ஓர் அடி அகலம், முடிச்சின் இரண்டு காதும் மேலே எழும்பி, இரண்டு வால் முழங்கைவரை இறங்கி வரும். பின்னால் இருந்து பார்த்தாலும் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் கை தெரியாது. மூன்று தடவை பிரித்து மூன்று தடவை தைத்தேன். வலது பக்கம் வெறும் தோள், இடது பக்கம் அவ்வளவு பெரிய முடிச்சு என்றால் கண்ணுக்கு உறுத்தும். அதனால் இடுப்பை வலது பக்கம் கொஞ்சம் சரித்து வெட்டினேன். அதற்குப் பிறகு அது சரியாக உட்கார்ந்தது. அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னால் நான் செய்ததில்லை.

அவள் பேராக் பட்டத்தை வென்றாள். மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் ரிப்பனோடு அவள் நின்ற படம்தான். ரிப்பன் பிள்ளை என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லூமுட்டிலிருந்து ஒரு கல்யாணப் பெண் தேடிக்கொண்டு வந்தாள். கோலா கங்சாரிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்தார்கள். அதே மாதிரி வேண்டும், இடது தோளில்தான் வேண்டும் என்றார்கள். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஆட்கள் கடைக்குள் வந்து, பமேலா யார் என்று கேட்டார்கள்.

ஏன் இடது தோள் என்று எல்லாரும் கேட்டார்கள். தோன்றியது, வைத்தேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரிப்பன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது. ஏப்ரலில் கை ஒன்றேமுக்கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. இடது கையை உயர்த்தாமல் வலது கையை மட்டும் ஆட்டப் பழக்கினேன். அது ஒரு தனி நளினம் என்று ராட்னிகூடச் சொன்னான். மத்தியானத்தில் தைலம் சுடவைத்துத் தேய்த்துவிட்டேன். வலி மாத்திரை கொடுத்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்பேன், வயிறு கெட்டுவிடக் கூடாது என்று. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அது எனக்குத் தெரியாது. அதை மட்டும் உண்மையாகவே தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதம் பள்ளிக்கு ஊசி போட வந்தார்கள். மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போடுவது. இடது கைச் சட்டையை ஏற்றிவிட்ட தாதி அப்படியே நிறுத்திவிட்டு, வலது கையில் ஊசி போட்டிருக்கிறார். நோராய்னி என்று பெயர். ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தினேஸ்வரி பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்தாள். "ஆன்ட்டி, மிஸ்ஸி ஒரு சூராட் குடுத்தாங்க. அம்மாகிட்ட குடுக்கணுமாம். நாளைக்கே ஆஸ்பத்திரி போவணுமாம்" என்றாள்.

உறை ஒட்டப்படவில்லை. வாசித்தேன். மலாய்க் கடிதம்தான், புரிந்தது. கையில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, எலும்பைப் படம் எடுக்க வேண்டும் என்று இருந்தது. உடனே என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. "நான் குடுத்துர்றேன்மா. அம்மா களைச்சிப்போய் வருவாங்க, நீ சொன்னா பயந்துருவாங்க" என்றேன்.

கடிதத்தை, துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகள் வைக்கும் இழுப்பறையில் வைத்தேன். கிழிக்கவில்லை. இன்று காலை அதைக் கொண்டுவந்து சார்ஜனிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

தேசியப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள். ஏற்கெனவே என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"அம்மா சூராட்ட படிச்சாங்களா ஆன்ட்டி?"

"படிச்சாங்க. போட்டி முடியட்டும், அப்புறம் போலாம்னு சொன்னாங்க."

"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா. இதப்பத்தி உங்கிட்ட பேச வேணாம்னும் சொன்னாங்க. அவங்களுக்குப் பயமா இருக்காம். நீயும் கேக்காத."

அவள் மேசையில் கிடந்த நூல்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகு, "சரி ஆன்ட்டி" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அம்மாவிடம் கையைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கேட்காத ஒவ்வொரு நாளும் அது அவளுக்கு உறுதியானது.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. நான் இறுதிப் போட்டி கவுனுக்குச் சாட்டின் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் தாதி நோராய்னி. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பெயர் பதிவாகவில்லை, ஏன் என்று தெரிந்துகொள்ள அழைத்திருக்கிறார். முதலில் யாரென்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார்.

"இனி இபு தினேஸ்வரி கா?"

தினேஸ்வரியின் அம்மாவா என்று கேட்கிறார். என்னிடம் அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. கத்தரியைக் கீழே வைத்தேன்.

"யா" என்றேன்.

அதற்குப் பிறகு மற்றது சுலபமாக வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டோம், படமும் எடுத்துவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். முடிவை ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்புகிறேன் என்றேன். ஜூன் கடைசியில் மறுபடி அழைத்தார். வேலையில் மறந்துவிட்டது, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றேன். அவரும் நம்பினார். பெற்றவள் பொய் சொல்வாள் என்று எந்தத் தாதி நினைப்பாள். அவர் மேல் தவறில்லை. அந்த விஷயத்தில் நான் அவருக்காக எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் இறுதிப் போட்டி. புஷ்பா இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கனம் கையில் விழக் கூடாது என்று, விலா எலும்புக்கு நேராகக் கவுனுக்குள் கம்பி வைத்து, கனத்தை இடுப்புக்கு இறக்கியிருந்தேன். இந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன். அவள் நடந்து வந்தபோது அரங்கம் முழுக்கக் கை தட்டியது. புஷ்பா அழுதாள்.

அவளுக்கு இரண்டாம் இடம். சிறந்த உடைக்கான பரிசு எனக்கு. என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினேன். தினேஸ்வரி ஓடிவந்து என்னை வலது கையால் கட்டிக்கொண்டாள். உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்தது. படம் எடுத்து முடியும்வரை நின்றோம்.

பிறகு உடை மாற்றும் அறையில் கவுனைக் கழற்ற வேண்டியிருந்தது. ஜிப்பை இறக்கினேன். ரிப்பனின் பின்பக்கம் கொக்கிகளை எடுத்தேன். கை வெளியே வர வேண்டும்.

"தூக்கும்மா" என்றேன்.

"தூக்க முடியல ஆன்ட்டி."

நான் பிடித்துத் தூக்கினேன். மெதுவாகத்தான். சத்தம் பெரிதாக இல்லை. பக்கத்தில் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கைக்குத்தான் அது தெரிந்தது. தினேஸ்வரி கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அப்படியே சரிந்தாள்.

எலும்பு தானாக முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். உள்ளே அரித்துப்போயிருந்தால் சட்டை போடும்போதுகூட முறியுமாம். எவ்வளவு நாளாக வீக்கம் இருக்கிறது என்று புஷ்பாவைக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க அளவெடுப்பீங்கல்ல? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?"

"வளர்ற வயசு புஷ்பா. அளவு மாறிக்கிட்டுதான் இருக்கும். நா எதக் கண்டேன்" என்றேன்.

கட்டிலில் இருந்த பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டாக்டரிடம் தெரியாது என்று சொன்னதை அவள் கேட்டாள். அம்மா பொய் சொல்கிறாள், அவளைக் காப்பாற்ற நானும் தெரியாது என்கிறேன் என்று நினைத்திருப்பாள். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

ஆகஸ்டில் கையைத் தோளோடு எடுத்தார்கள். அதற்குள் புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்னும் சில மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, புஷ்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் கடையை மத்தியானத்தில் பூட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். முடி கொட்டியதும் பருத்தியில் குல்லா தைத்துக் கொடுத்தேன். புஷ்பா வேலையை விட்டுவிட்டு அங்கேயே கிடந்தாள். ஆனால் அவள் ஊட்டினால் பிள்ளை வாயைத் திறக்கமாட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அம்மா தொட்டால் போர்வையை இழுத்துக்கொள்வாள். என் கையால் கொடுத்தால் நாலு கரண்டி உள்ளே போகும்.

வராந்தாவில் வைத்துப் புஷ்பா என்னைக் கேட்டாள். "ஏங்கா எம்மேல இவ்ளோ கோவமா இருக்கா? நா என்ன செஞ்சேன்?"

"வலிலா புஷ்பா. வலியில பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும். நீ மனசுல வச்சுக்காத."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஒருநாள் புஷ்பா குளிக்கப் போயிருந்த நேரம். தினேஸ்வரி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட ஒரே ஒரு தடவ கேக்கட்டுமா ஆன்ட்டி? ஏன் அப்பவே கூட்டிட்டுப் போகலன்னு" என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு அது தெரியும். அவள் கேட்டிருந்தால் புஷ்பா, எந்தக் கடிதம் என்று கேட்டிருப்பாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்திருப்பார்கள்.

"கேட்டா அம்மா தாங்க மாட்டாங்க தினா. தெரியாமச் செஞ்சிட்டாங்க. உங்கம்மாவ நீ மன்னிச்சிரு" என்றேன்.

"பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள்.

அவள் முயற்சி செய்தாள் என்றுதான் நினைக்கிறேன். இந்த மார்ச் மாதம், பதினாறு முடிந்து ஒன்பது நாளில் போய்விட்டாள். ஒருபக்கம் அம்மா இருந்தாள், ஒருபக்கம் நான் இருந்தேன். அவளுக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது. அது என் கைக்குள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த வகுப்பாசிரியை, ஊசி போட்ட அன்றே கடிதம் கொடுத்தார்களே, நீங்கள் போகவில்லையா என்று புஷ்பாவைக் கேட்டுவிட்டார். புஷ்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை, யாரும் அழைக்கவில்லை என்று புகார் கொடுத்தாள். தாதி நோராய்னி பதிவேட்டைக் காட்டினார். இரண்டு தேதியில் அழைத்திருக்கிறேன், தாயாரே பேசினார் என்று எழுதியிருந்தது. விசாரணை முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சார்ஜன் தர்மா பதிவேட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். அது என் எண்.

அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று சார்ஜன் மூன்று தடவை கேட்டார். பிள்ளையின் ஆசைக்காக என்று முதலில் சொன்னேன். அது பொய் இல்லை. பிறகு, என்னவென்று எனக்குப் புரியவில்லை, சும்மா வீக்கம் என்று நினைத்தேன் என்று சொன்னேன். அது பொய். கடிதம் வந்த அன்று மாலையே, அந்த வளர்ச்சிக்கு அதில் எழுதியிருந்த சொல்லைக் கைப்பேசியில் தேடினேன். படங்கள் வந்தன. அதில் ஒரு பையனின் கை அப்படியே தினேஸ்வரியின் கை. கீழே எழுதியிருந்ததையும் வாசித்தேன். எத்தனை மாதத்துக்குள் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டேன்.

நான் யோசித்தது இவ்வளவுதான். கடிதம் புஷ்பா கைக்குப் போனால் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போவாள். அம்மா வேலையை விடுவாள். மத்தியானம் இரண்டு மணிக்கு என் கடைக்கதவு திறக்காது. மேசை ஓரம் காலியாக இருக்கும். இடது தோளில் ரிப்பன் வைக்க யாரும் இருக்கமாட்டார்கள். ஏழு வாரம்தானே என்று நினைத்தேன். அந்த ஏழு வாரத்தை நான் எனக்கு எடுத்துக்கொண்டேன். தினேஸ்வரியின் அம்மா என்று தொலைபேசியில் சொன்னது நான்தான். கடிதத்தை மறைத்தது நான்தான். கையைத் தூக்கியதும் நான்தான்.

தண்டனை என்னவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கடிதத்தைப் பற்றிப் புஷ்பாவிடம் சொல்லுங்கள். தொலைபேசியைப் பற்றியும் சொல்லுங்கள், மறைக்க முடியாது. பிள்ளையிடம் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்பதை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். மகள் எதை நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை. அவளை எனக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் அவள் மத்தியானமானால் கடைக்கு வந்துவிடுகிறாள், மேசை ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சமாவது சாப்பிடுகிறாள். நான் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். இன்றைக்கும் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மணி ஒன்றரை ஆகிறது. சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது. பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.